இரும்பு முள்ளும் சிவப்புப் புள்ளியும்

நமது நண்பர் ஒருவர் முப்பது வருஷ காலம் பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். ஆடியில் பிம்பம் விழும் கணக்கை அவரிடம் பயின்று தேறியவர்கள் இன்று உலகத்தின் நாலு திசைகளிலும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் சென்ற வாரம் ஒரு நாள் காலை, காப்பி வேளைக்குச் சரியாக நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒரு வழக்கு வந்திருக்கிறது, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார்.

பங்காளிச் சண்டையோ, வரப்புத் தகராறோ என்று நினைத்தோம். இரண்டும் இல்லை. கைத்துப்பாக்கியைப் பற்றிய வழக்கு!

ஆசிரியருடைய குமாரர் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறார். அவர் வசிக்கும் தெருவில் சமீபத்தில் ஒரு வீட்டுக்குள் திருடன் புகுந்தானாம். அன்று முதல் குமாரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தற்காப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்குவதென்று தீர்மானித்து விட்டார். வாங்கலாமா, கூடாதா என்று தகப்பனாரை அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு. "அப்பா! கடைக்காரர் இரண்டு தினுசு காட்டுகிறார். ஒன்றில் பழைய மாதிரி இரும்புக் குறி இருக்கிறது. மற்றொன்றில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதற்குள் சிவப்புப் புள்ளி தெரியும்படி செய்திருக்கிறார்கள். எது நல்லது? எனக்கு ஒளியியல் கற்பித்தவர் நீங்கள்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் கற்பித்த ஒளியியல் இதற்கா பயன்பட வேண்டும்?" என்று சொல்லி ஆசிரியர் பெருமூச்சு விட்டார்.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்குள்ள யோக்யதையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். தீபாவளிக் கேப்புத் துப்பாக்கிக்கு மேல் எந்தத் துப்பாக்கியும் நாம் கையாண்டதில்லை. அதிலும் பாதிக் கேப்பு வெடிக்காது. ஆயினும், கொலை வழக்கை விசாரிக்கும் நீதிபதிகள் கொலை செய்து பழகியா ஆசனத்தில் அமர்கிறார்கள்? இரு கட்சியையும் பொறுமையுடன் கேட்டால் போதாதா? அந்தத் தைரியத்தில் விசாரணையைத் தொடங்கினோம்.

அந்நாட்டு வழக்கம்

முதலில், நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லி விடுவோம். கத்தரிக்காய் வாங்குவதுபோல் துப்பாக்கி வாங்குவதற்கு அங்கே சட்டம் இடங்கொடுக்கிறதா?

நம் தேசத்தில் 1878-ம் ஆண்டு பிரிட்டிஷார் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து ஜனங்களை நிராயுதபாணிகளாக்கினார்கள். அதற்கு நம் தலைவர்கள் காட்டிய எதிர்ப்பு சரித்திரப் பிரசித்தம். சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் நாமே செய்துகொண்ட சட்டத்திலும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் கதை நேர் எதிரானது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791-லேயே அவர்களுடைய அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதனுடைய உரிமை என்று 2008-ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வெளியில் எடுத்துச் செல்வதும் உரிமையே என்று 2022-ல் மேலும் ஒரு தீர்ப்பு வந்தது. டெக்ஸாஸிலோ, சட்டம் தடை செய்யாத வயது வந்தவர்கள் அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்லலாமென்று 2021 செப்டம்பர் முதல் சட்டம் அமலில் இருக்கிறது. ஆகவே, அங்கே கேள்வி "துப்பாக்கி உண்டா?" என்பதன்று, "எந்தத் துப்பாக்கி?" என்பதே.

கட்டை விரல் சோதனை

இரும்புக் குறி என்பது மிகப் பழைய ஏற்பாடு. குழாயின் நுனிக்கு மேல் ஒரு சிறு முள். கைப்பிடிப் பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவே முள்ளின் தலை சமமாக நிற்க வேண்டும். அந்த முள்ளின் தலைக்கு மேல் இலக்கு நிற்க வேண்டும். தச்சன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையின் விளிம்பைப் பார்க்கிறானே, ஏறக்குறைய அதே வித்தைதான்.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. நேயர்கள் இருந்த இடத்திலிருந்தே பரீட்சை செய்து பார்க்கலாம். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திக்கொள்ளுங்கள். அதற்கு நேரே சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். காலண்டரின் தேதி தெளிவாகத் தெரியும்போது விரல் மங்கிவிடும். விரலின் ரேகை தெளிவாகத் தெரியும்போது காலண்டர் மங்கிவிடும். இரண்டையும் ஏககாலத்தில் தெளிவாகப் பார்ப்பதற்குப் பிரம்மதேவன் நமக்குக் கண் கொடுக்கவில்லை. துப்பாக்கிக்காரனுடைய பாடு இன்னும் மோசம். அவன் பின்பள்ளம், முன்முள், இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தியாக வேண்டும்.

மூன்றில் எதைத் தெளிவாகப் பார்ப்பது? பழைய ஆசான்கள் ஒரே குரலில் சொன்ன விடை, "முன்முள்ளைப் பார்" என்பதுதான். அதற்குக் கணக்கும் இருக்கிறது. கைத்துப்பாக்கியில் முள்ளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுமார் 6 அங்குல தூரமே உண்டு. முள் பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 4½ சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 25 மீட்டரில் 16 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். ஆகையால் முள்ளின்மேல் கண் வை. எதிரே நிற்பவன் மங்கலாகத் தெரிந்தால் பாதகமில்லை என்பது அவர்கள் சித்தாந்தம்.

இளவயதுக்காரருக்கு இது சாத்தியம். நாற்பதைத் தாண்டிய பின் வெள்ளெழுத்து வந்து சேருகிறது. ஊசியில் நூல் கோக்கப் பேரனை அழைக்கும் பாட்டிக்கும், கை நீளத்தில் நிற்கும் முன்முள்ளைத் தேடும் டெக்ஸாஸ்வாசிக்கும் கஷ்டம் ஒன்றுதான். தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டால் முள் தெரியாது. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் மனிதன் தெரியமாட்டான். குமாரருக்கு வயது நாற்பத்தைந்து என்று ஆசிரியர் சொன்னபோது, கேள்வி பிறந்த இடம் நமக்கு விளங்கிற்று.

கிணற்று நிலா

இந்தத் தொல்லைக்கு மாற்றுக் கண்டுபிடித்தவர் துப்பாக்கிக்காரர் அல்லர். வான சாஸ்திரத்துக்குத் தொலைநோக்கிகள் செய்து கொடுத்தவர். அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரத்து ஸர் ஹோவர்ட் கிரப் என்பவர் 1900-ம் ஆண்டு இந்த உபாயத்துக்குப் பதிவுரிமை பெற்றார். கிரப் பெயர் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. பாவநகர் மகாராஜாவின் உதவியால் பூனாவில் அமைந்த வானிலையத்துக்காக அவருடைய தொழிற்சாலையில் 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று செய்யப்பட்டது. 1912-ல் பூனா நிலையத்தை மூடியபோது அது நமது கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. நட்சத்திரங்களைக் காட்டக் கண்ணாடி இழைத்த அதே கைதான் துப்பாக்கிக்கும் கண் கொடுத்தது.

உபாயம் இதுதான். பௌர்ணமி இரவில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறோம், நிலா தெரிகிறது. தண்ணீர் பத்தடி ஆழத்தில் இருக்கிறது. ஆனால் நிலாவின் பிம்பமோ தண்ணீரின் மேல் ஒட்டிக்கொண்டில்லை. வானத்து நிலா எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்தில் இருப்பதாகவே நம் கண் அதைக் காண்கிறது. நாம் கிணற்றைச் சுற்றி இரண்டடி நகர்ந்தால் நிலாவும் கூட நகர்ந்து வருகிறது. வெகு தூரத்திலுள்ள பொருளின் இயல்பு அது. நாம் எங்கே நின்றாலும் அது ஒரே திசையில் நிற்கும்.

கிரப் செய்த காரியம், விளக்கொளி ஒன்றை இப்படிக் கிணற்று நிலாவாக மாற்றியதுதான். விளக்கு கிட்டத்தில் இருப்பதால் சமதளக் கண்ணாடி போதாது. சற்றே குழிந்த கண்ணாடியின் குவியத்தில் விளக்கை வைத்தால், அதில் பட்டுத் திரும்பும் கதிர்கள் இணையாக வரும். இணையாக வரும் கதிர்களைக் கண் "இது வெகு தூரத்துப் பொருள்" என்று எண்ணிக்கொள்கிறது. கண்ணாடியோ ஊடுருவிப் பார்க்கக்கூடியது. எனவே எதிரே உள்ள இலக்கும், அதன்மேல் ஒட்டவைத்தாற்போல் ஒளிப் புள்ளியும் சேர்ந்து தெரிகின்றன. தலை சற்று இப்படி அப்படி அசைந்தாலும் புள்ளி பெரும்பாலும் இலக்கிலேயே நிற்கிறது. முள், பள்ளம் என்னும் இரட்டைக் கவலை தொலைந்தது.

நமது சினிமாப் படங்களில் வில்லனுடைய துப்பாக்கியிலிருந்து சிவப்பு ஒளி கிளம்பிக் கதாநாயகன் மார்பில் வட்டமிடுமே, அது வேறு, அது லேஸர். நாம் சொல்லும் புள்ளி வெளியே எங்கும் போவதில்லை. சுடுகிறவன் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும்.

யோசனை 1900-ல் பிறந்தாலும், கைத்துப்பாக்கியில் ஏறுவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. இரண்டு மகாயுத்தங்களிலும் ஆகாய விமானங்களின் துப்பாக்கிகளில் அது இடம் பெற்றது. 1975-ல் ஸ்வீடன் தேசத்து எய்ம்பாயிண்ட் கம்பெனி மின்கலத்தால் எரியும் சிவப்புப் புள்ளியை நீளத் துப்பாக்கிகளுக்குச் செய்து விற்றது. கைத்துப்பாக்கியில் இடைஞ்சல் என்னவென்றால், ஒவ்வொரு தடவை சுடும்போதும் மேலே உள்ள ஸ்லைடு என்னும் பாகம் படாரென்று பின்னுக்கு ஓடி, மறுபடி படாரென்று முன்னுக்கு வருகிறது. அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியும் விளக்கும் அந்த உதையை ஆயிரக்கணக்கான தடவை தாங்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு எள்ளளவாகச் சிறுத்து, மின்கலம் நாணயம் போலத் தட்டையான பிறகே அது கைகூடிற்று. 2015-ல் ஆஸ்திரிய தேசத்துக் கிளாக் கம்பெனி, இந்தக் கண்ணாடியைப் பொருத்துவதற்கு இடம் வெட்டிய துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த புதிய கைத்துப்பாக்கியிலும் அதற்கு இடம் இருந்தது. அது முதல் கடைத்தெருவில் இரு கட்சிகள் தோன்றிவிட்டன.

இரு கட்சி வாதம்

இரும்புக் கட்சியார் வாதத்தை முதலில் கேட்போம். "இரும்புக்கு மின்கலம் வேண்டாம், அணைந்து போகாது. மழைத்துளி விழுந்தால் மறையாது. குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்தால் ஆவி படியாது. பஞ்சும் தூசியும் விளக்கை மறைக்காது. புள்ளிக் கண்ணாடிக்குச் சில நூறு டாலர் அதிகம் கொடுக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்தால் குறி போச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கியை அவசரத்தில் நீட்டும்போது மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தால், புள்ளி கண்ணாடிக்குள்ளேயே தெரியாது. இரும்பாக இருந்தால், முள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதென்று பார்த்துத் திருத்திக் கொள்ளலாம். புள்ளியோ, இருந்தால் இருக்கும். இல்லாவிட்டால் அடியோடு இல்லை. உயிர் போகிற சமயத்தில் காணாமற்போன புள்ளியை எங்கே போய்த் தேடுவது?"

வாதம் பலமாகத்தான் இருக்கிறது. புள்ளிக் கட்சியார் பதில் என்ன? "மின்கலம் ஒன்று, கருவியைப் பொறுத்து, ஓராண்டு முதல் பல ஆண்டு வரை உழைக்கும். வருஷப் பிறப்பன்று புதிதாகப் போட்டுவிட்டால் கவலை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் உயரமான இரும்புக் குறியையும் சேர்த்தே வைத்துக் கொள்ளலாம்; விளக்கு அணைந்தால் இரும்பு துணை. புள்ளி காணாமற்போவது பழக்கமின்மையின் குற்றம். சில நூறு தடவை வெறுந்துப்பாக்கியை நீட்டிப் பழகினால் மணிக்கட்டு தானே நேராகிவிடும். வெள்ளெழுத்துக்காரருக்கு இது கண் கொடுத்த தெய்வம். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்க்கலாம்."

இங்கே ஆசிரியர் குறுக்கிட்டார். "என் பிள்ளைக்குப் புள்ளி வட்டமாகத் தெரியவில்லையாம்; மத்தாப்புப் பூ மாதிரி சிதறித் தெரிகிறதாம். கண்ணாடி பழுதோ?" என்று கேட்டார்.

கண்ணாடியில் பழுதென்று உடனே சொல்லிவிட முடியாது. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாதவர்களுக்கு, அதாவது அஸ்டிக்மாடிஸம் உள்ளவர்களுக்கு, ஒளிப் புள்ளி இப்படித்தான் சிதறும். அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. செல்போனில் அந்தப் புள்ளியைப் படம் பிடித்துப் பார்த்தால் போதும். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில் இருக்கிறது. ஒளியைக் குறைத்து வைத்துக்கொண்டாலும், தகுந்த மூக்குக் கண்ணாடி அணிந்தாலும் பெரும்பாலும் சரியாகும். சரியாகாதவர்கள் இரும்போடு இருப்பதே உசிதம்.

பார்த்தால் இரு கட்சியும் சமம் போலத் தோன்றும். ஆனால் இருவரும் வாதாடும்போது, எவ்வளவு வேகம், எவ்வளவு துல்லியம் என்பதையே பேசுகிறார்கள். முக்கியமான சாட்சி ஒன்றை இரண்டு வக்கீல்களும் கூண்டில் ஏற்றவில்லை. அந்தச் சாட்சி, எதிரே நிற்கும் மனிதன்.

கண் எங்கே?

தற்காப்பு என்பது பெரும்பாலும் ஒரு அறையின் நீளத்துக்குள், ஒரு நெடுமூச்சின் நேரத்துக்குள் நடந்து முடிகிற காரியம். கத்தி ஏந்திய மனிதன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்து விடுவான் என்று, சால்ட் லேக் நகரத்துப் போலீஸ் உத்தியோகஸ்தரான டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதிக் காட்டினார். அதைவிடக் கிட்டத்தில் குறி என்பதே வேண்டியதில்லை. கைத்துப்பாக்கிக்குக் கை நீள தூரம் போதும் என்பதை 1948 ஜனவரி 30-ந் தேதி மாலையில் இத்தேசம் அறிந்தது. அதற்குமேல் அதை விவரிக்க நமக்கு மனம் வரவில்லை.

கொஞ்சம் தூரம் விலகினால் என்ன நடக்கிறது? பயிற்சி பெற்ற போலீஸாரின் கணக்கையே பார்க்கலாம். நியூயார்க் போலீஸாரைப் பற்றி ராண்ட் ஸ்தாபனத்தார் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1998 முதல் 2006 வரை எதிராளியும் திருப்பிச் சுட்ட சண்டைகளில், போலீஸார் சுட்ட குண்டுகளில் சராசரி நூற்றுக்கு 18 தான் இலக்கில் பட்டன. எதிராளி சுடாத சமயங்களிலேகூட நூற்றுக்கு 30 தான். மீதிக் குண்டுகள் எங்கே போயின? குண்டு பாதி வழியில் மனம் மாறி ஆகாயத்தில் கரைந்து போவதில்லை. எங்கேயாவது போய்த்தான் தீரும். 2012 ஆகஸ்டு 24-ந் தேதி நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்து வாசலில், சற்று முன் ஒருவரைக் கொன்றுவிட்டுத் துப்பாக்கியை நீட்டியவனை எதிர்த்து இரண்டு போலீஸார் 16 குண்டு சுட்டார்கள். கொலைகாரன் இறந்தான். ஆனால் போலீஸ் குண்டுகளாலும், அவற்றின் சிதறல்களாலும் வழியில் போன 9 பேர் காயமடைந்தார்கள்.

கை நடுங்குகிற நேரத்தில் புள்ளியானால் என்ன, முள்ளானால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இரண்டுக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. இரும்புக் குறி, "என்னைப் பார், எதிரே இருப்பவன் மங்கலாகட்டும்" என்கிறது. சிவப்புப் புள்ளி, "நீ அவனையே பார்; நான் அங்கே வந்து நிற்கிறேன்" என்கிறது. முன்னதில் கண் இரும்பின்மேல்; பின்னதில் கண் மனிதன்மேல். மனிதனைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் அவன் கையில் இருப்பது துப்பாக்கியா, டெலிபோனா என்று தெரியும். அவன் ஓர் அடி முன்னே வைக்கிறானா, பின்னே வைக்கிறானா என்று தெரியும். "சுடாதே!" என்று கையைத் தூக்குகிறானா என்று தெரியும். புள்ளிக்கு நாம் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்காகவே. சுடுவதற்கு உதவுவதைக் காட்டிலும், சுடாமல் இருப்பதற்கு அது அதிகமாக உதவ முடியும்.

அர்ஜுனன் பதிலும் தர்மபுத்திரர் பதிலும்

ஆனால், "உதவ முடியும்" என்றுதான் சொன்னோம். "உதவும்" என்று சொல்லவில்லை. பார்க்கும் மனசு இல்லாவிட்டால் கண்ணாடி என்ன செய்யும்?

துரோணாசாரியார் மரத்தின்மேல் ஒரு பறவையைக் கட்டி வைத்துச் சீடர்களைப் பரீட்சித்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். தர்மபுத்திரர், "மரம் தெரிகிறது, பறவை தெரிகிறது, தம்பிமார் தெரிகிறார்கள், தாங்களும் தெரிகிறீர்கள்" என்றார். "நீ எட்டிப் போ" என்று ஆசாரியார் அவரைத் தள்ளிவிட்டார். அர்ஜுனன், "பறவையின் தலை ஒன்றுதான் தெரிகிறது" என்றான். பரிசு அவனுக்குக் கிடைத்தது. வில்வித்தைப் பந்தயத்துக்கு அர்ஜுனன் பதில்தான் சரி. சந்தேகமே இல்லை. ஆனால் இராத்திரி இரண்டு மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் துப்பாக்கியோடு நிற்கும் குடும்பஸ்தனுக்கு அர்ஜுனன் பதில் ஆபத்து. தர்மபுத்திரர் பதில்தான் சரி. எதிரே யார், அவன் பின்னால் இருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது, சுவருக்கு அப்பால் தூங்குவது யார் என்பது அத்தனையும் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் உட்சுவர் நம் ஊர்ச் செங்கற்சுவர் அன்று. மரச்சட்டத்தின் மேல் அடித்த மெல்லிய அட்டைப் பலகை. கைத்துப்பாக்கிக் குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

பாராமல் சுட்டவனுடைய கதையும் நம் இதிகாசத்தில் இருக்கிறது. தசரத சக்கரவர்த்தி இளமையில், இருட்டில், ஆற்றங்கரையில் சத்தத்தை மட்டும் கேட்டு அம்பெய்தார். யானை தண்ணீர் குடிக்கிறதென்று நினைத்தார். குடத்தில் தண்ணீர் மொண்டது, குருட்டுத் தாய் தந்தையருக்கு ஒரே ஊன்றுகோலான பிள்ளை. சப்தவேதியில் சக்கரவர்த்தி மகா நிபுணர். குறி அணுவளவும் பிசகவில்லை. பிசகியது வேறு.

இது புராணமாயிற்றே என்று தள்ளிவிட முடியாது. 2013 பிப்ரவரி 14-ந் தேதி அதிகாலையில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்தில், உலகப் புகழ் பெற்ற ஓட்டக்காரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தம் வீட்டு ஸ்நான அறையிலிருந்து சத்தம் கேட்டதாகவும், திருடன் புகுந்துவிட்டதாக நினைத்ததாகவும் சொன்னார். மூடியிருந்த கதவின் வழியாக நாலு குண்டு சுட்டார். கதவுக்குப் பின்னால் இறந்து கிடந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். முதலில் விசாரித்த கோர்ட்டு கொலை அல்லவென்று சொல்லிற்று. 2015 டிசம்பரில் மேல் கோர்ட்டு கொலைக் குற்றமே என்று தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாராயினும் சாகக்கூடும் என்று தெரிந்தே சுட்டது குற்றம் என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தக் கதவுக்கு முன்னால் இரும்பு முள்ளும் ஒன்றுதான்; சிவப்புப் புள்ளியும் ஒன்றுதான். அங்கே தேவைப்பட்டவை இரண்டு: ஒரு விளக்கு; "யார் அது?" என்ற ஒரு வார்த்தை.

விளக்கு என்றோம். இருட்டில் சிவப்புப் புள்ளி மகா பிரகாசமாய்த் தெரியும். ஆனால் அது இலக்கின்மேல் துளி வெளிச்சமும் போடாது. கறுப்புத் திரைமேல் கறுப்பு உருவம், அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு! இதைப் பார்த்து நம்பிக்கை கொள்ளுகிறவன், ஒன்றும் தெரியாமல் தயங்குகிறவனைவிட அபாயமானவன். ஆகையால் குறிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் நல்ல கை விளக்கு ஒன்று வாங்குவது முதற்கடமை.

தீர்ப்பு

ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "முடிவாகச் சொல்லுங்கள், பிள்ளைக்கு என்ன எழுதட்டும்?" என்றார். நாம் பின்வருமாறு சொன்னோம்:

"நாற்பத்தைந்து வயசுக் கண்ணுக்கு, வாரந்தோறும் பழகப் போகிறவனுக்கு, சிவப்புப் புள்ளியே மேல். உயரமான இரும்புக் குறியும் சேர்ந்தே இருக்கட்டும். மின்கலத்துக்கு ஒரு நாள் குறித்து வைத்துக்கொள்ளட்டும். புள்ளியின் அளவைப் பற்றிக் கடைக்காரர் மயக்கினால் குழம்ப வேண்டாம். ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டு அதில் இத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். 6 பங்குப் புள்ளி 25 மீட்டரில் சுமார் 4½ சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். கூடத்தின் நீளத்துக்குப் பெரிய புள்ளியே கண்ணில் சீக்கிரம் படும். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் பழகவே போகாதவனுக்குப் புள்ளி வேண்டாம், இரும்பே போதும். சொல்லப்போனால், பழகவே போகாதவனுக்குத் துப்பாக்கியே வேண்டாம். ஒளியியல் ஆசிரியராகிய தாங்கள் பிள்ளைக்கு எழுத வேண்டியது ஒன்றுண்டு: கண்ணாடி, குண்டு எங்கே போகும் என்று சொல்லும், போகலாமா, கூடாதா என்று சொல்லாது."

ஆசிரியருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. சட்டைப் பையிலிருந்து டெலிபோனை எடுத்து, அங்கே இரவு நேரமாயிற்றே என்றுகூடப் பாராமல், குமாரரைக் கூப்பிட்டார். எடுத்தவர் மருமகள். ஆசிரியர் நம் தீர்ப்பை ஆதியோடந்தமாக ஒப்பித்தார். தர்மபுத்திரர்கூட விட்டுப்போகவில்லை. அந்தப் பெண் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பிறகு சொன்ன பதில் நம் காதிலும் விழுந்தது.

"எல்லாம் சரி மாமா. குழந்தைக்கு ஐந்து வயசு. அவளுக்கு எட்டாத அலமாரி இந்த வீட்டிலே ஒன்றுகூட இல்லை. எந்தக் குறி வாங்கினாலும், முதலில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அது வருகிற வரையில் துப்பாக்கி கடையிலேயே இருக்கட்டும்."

நாம் அசந்து போனோம். இரண்டு மணி நேரம் விசாரணை நடத்திய நமக்கு இது தோன்றவில்லையே! அமெரிக்காவில் 2021-ம் ஆண்டு துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டவர்கள். அந்தச் சாவுகளில் எதிரி இல்லை, திருடன் இல்லை. குறி பார்க்க வேண்டிய தூரமும் இல்லை. மனத்தளர்ச்சி வந்த ஒரு பொழுதில் பூட்டாத மேஜை அறையில் அது கைக்கு எட்டிவிட்டது, அவ்வளவுதான். குழந்தை எடுத்து விளையாடி நேர்ந்த விபரீதங்கள் வேறு. அங்கெல்லாம் உயிரைக் காத்திருக்கக்கூடியது முள்ளும் அல்ல, புள்ளியும் அல்ல, ஒரு பூட்டு.

ஆகவே, நாம் சொன்ன தீர்ப்பைத் திருத்தி எழுதுகிறோம். முதலில் பூட்டு, அடுத்தது விளக்கு, அதற்கடுத்தது பழக்கம். இம்மூன்றும் ஆன பிறகு, மிச்சப் பணம் இருந்தால், சிவப்புப் புள்ளி. இந்த மேல் கோர்ட்டுத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பதை ஆசிரியரும் ஒப்புக்கொண்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.